வெங்காயத் தந்தி

ராசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்துவிட்டது என்று தெரிந்தால், அவர் மனைவி வேம்பு முதலில் அடுப்பை அணைத்துவிடுவாள். வீட்டிலிருந்து அவருக்கு என்ன சாமான் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாமான் அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

லப்பைக்குடிக்காடு கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் வெங்காயம் ஊன்றி, வெங்காயம் பிடுங்கிக் காலம் தள்ளியவர். மகனையும் அதே காட்டில் கம்பங்கொல்லைக் காவலுக்கு வைத்தார்கள். கதிரில் கிளி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகரத்தைத் தட்டிக்கொண்டே நிற்பது ராசாங்கத்துக்குச் சலிப்பாக இருந்தது. யாரிடமோ கெஞ்சி ஒரு டிரான்சிஸ்டரை வாங்கி வந்து மரத்தில் கட்டினார். செய்தி வாசிக்கும்போது கிளிகள் பறந்துபோயின. நாதசுரம் ஆரம்பித்ததும் திரும்பி வந்தன, சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு. காட்டுக்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். டிரான்சிஸ்டர் மழையில் நனைந்து ஊமையாகிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பிரித்துப் பார்த்ததில்தான் அவர் தொழில் தொடங்கியது.

இந்தக் கதை நடந்தது எண்பதுகளின் ஆரம்பத்தில். ஊரில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் சவுதியிலும் குவைத்திலும் இருந்தார்கள். லீவில் வந்தவர்கள் ஆளுக்கொரு டேப்ரெக்கார்டர் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். கடிதம் எழுதுவது குறைந்து, கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கமாயிற்று. போகிறவர் பெட்டியில் இங்கத்துப் பேச்சு போகும். வருகிறவர் பெட்டியில் அங்கத்துப் பேச்சு வரும்.

ரிப்பேருக்கு வந்த டேப்ரெக்கார்டர்களில் முக்கால்வாசிக்கு ஒரே புகார்தான்: "பேச்சு ஏறமாட்டேங்குது." ராசாங்கம் கழற்றிப் பார்ப்பார், துடைப்பார், எண்ணெய் விடுவார். ஒரு கோளாறும் இருக்காது. கேசட்டைப் போட்டுக் கேட்டால் ஒரு இருமல், ஒரு சேவல், "பட்டன அமுக்கிட்டியாடீ?" என்று தூரத்தில் யாரோ கேட்பது, அப்புறம் நெடுநேரம் காற்று. கடைசியில் ஒரு பெண் குரல்: "அன்புள்ள கணவர் அவர்களுக்கு. நலம். நலமறிய அவா. இங்கு மழை இல்லை. மற்றவை தங்கள் பதில் கண்டு. இப்படிக்கு." அத்துடன் முடிந்தது.

வெளிநாட்டுக்குப் போகிற பேச்சு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் வேறொருவர் எழுதிக் கொடுத்து, வேறொருவர் படித்துக் காட்டிக் கேட்ட பேச்சு அது. கோழியை விரட்டும்போது மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற பெண்கூட, சிவப்பு பட்டனை அமுக்கியதும் தாசில்தாரிடம் மனு கொடுக்க வந்தவளாகிவிடுவாள்.

கோளாறு மெஷினில் இல்லை என்றாலும் அதைத் தன் கோளாறாகவே ராசாங்கம் எடுத்துக்கொண்டார். கடையின் பின்பக்கம் வேம்புவின் பழைய சேலையைக் குறுக்கே கட்டி, ஒரு பாயைப் போட்டு, நல்ல டேப்ரெக்கார்டர் ஒன்றை வைத்து, அதற்குப் பேச்சறை என்று பெயர் சூட்டினார். முதல் யோசனையாக, புருஷன் போட்டோவை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். அடுத்து, தானே தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து "அப்புறம்?" "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுத்தார். குவைத்திலிருந்து ஒருவர், "நடுவுல ஒரு ஆம்பளை அப்புறம் அப்புறம்ங்குறானே, அவன் யாரு?" என்று கேட்டு அனுப்பினார். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் சுலைமான் பாய் இந்த விஷயமாக நேரில் வர வேண்டியதாயிற்று. பிறகு ராசாங்கம் வேம்புவை உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொன்னார். அந்தக் கேசட்டில் வேம்புதான் பேசினாள். ரியாத்தில் இருந்த ஒருவர் தன் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல், வேம்புவின் அண்ணன் வீட்டு மாடு கன்று போட்ட விவரம் முழுவதையும் தெரிந்துகொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஆண்டாயி தன் மருமகள் செல்வம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆண்டாயியின் மகன் வீரமுத்து தம்மாமில் கொத்தனார். கல்யாணமாகி ஒரு மாசம் நிறைவதற்குள் விசா வந்துவிட்டது, போய்விட்டான். செல்வம்மாள் அவனுக்கு அனுப்பியதெல்லாம் 'நலம் நலமறிய' கேசட்டுகள். அவனிடமிருந்து வந்த கேசட்டை ஆண்டாயி கடையிலேயே போட்டுக் காட்டினாள்.

"செல்வம், நீ பேசுறதக் கேட்டா பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து யாரோ பேசுற மாதிரி இருக்கு. உன் குரல் எப்புடி இருக்கும்னே மறந்துபோச்சு. அடுத்த கேசட்டும் இப்புடியே வந்துச்சுன்னா எனக்கு இந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொறப்பட்டு வந்துடுவேன்."

ஆண்டாயி பட்டனை நிறுத்தினாள். "கேட்டீல்ல தம்பி? பாதியில வந்தா திரும்ப எடுத்துக்க மாட்டானாம் கம்பேனிக்காரன். வூட்டுக்குச் சுவரு எழுப்பியாச்சு. மேல வானம்தான் இருக்கு. இவ வாயத் தொறக்காம அவன் வந்து நின்னான்னா, அடைமழையில மூணு பேரும் சுவத்த எண்ணிக்கிட்டு நனைய வேண்டியதுதான்."

"அவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது அண்ணே?" என்றாள் செல்வம்மாள். "எனக்கு அவங்களை அவ்வளவாப் பழக்கமில்லை."

சுலைமான் பாயின் மச்சான் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தம்மாமுக்குக் கிளம்புகிறார், அதற்குள் முடித்துவிடலாம் என்று மட்டும் ராசாங்கம் சொன்னார்.

அன்று சாயங்காலம் வெங்காய மண்டியில் ஒலிபெருக்கி பார்க்கப் போனவர் அங்கே நின்றுவிட்டார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குக் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கை ஓடியது, வாயும் ஓடியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் "அப்புறம்" என்று கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை வந்து கூடையை மாற்றச் சொன்னபோது கைகள் நின்றன, பேச்சும் நின்றது. கூடை மாறியதும் இரண்டும் சேர்ந்து ஆரம்பித்தன. ராசாங்கம் ஒலிபெருக்கியைப் பார்க்காமலே வீட்டுக்கு ஓடினார்.

வேம்பு அடுப்பை அணைத்தாள். "என்ன வேணும்?"

"வெங்காயம். கையில வேலை இருந்தாப் பேச்சு தானா வரும். சும்மா உக்கார வச்சு மூஞ்சிக்கு நேரா மெஷின வச்சா யாருக்குப் பேச வரும்? எனக்கே வராது."

"உங்களுக்கு வரும்," என்றாள் வேம்பு.

யோசனை அவருடையது. அதில் ஒரு திருத்தத்தை வேம்பு செய்தாள். வடகம் போடுகிற காலம் அது. வீட்டில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் தோலோடு கிடந்தது. சும்மா தாளைக் கிள்ளிப் போடுவதற்குப் பதில், உரித்து அரிந்தும் கொடுத்தால் தன் வேலையும் முடியும் என்று நினைத்தாள். இதை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் பேச்சறையில் அரிவாள்மணையும் முறமும் மூட்டையும் வந்து இறங்கின. மாமியார் கிட்டத்தில் இருந்தால் பேச்சு வராது என்பதால், ஆண்டாயியைக் கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார வைத்து, "யாரும் ரேடியோவைத் தூக்கிட்டுப் போயிடாம பாத்துக்குங்க அம்மா" என்று ராசாங்கம் பொறுப்பு கொடுத்தார். பட்டனை அமுக்கிவிட்டு, வேம்புவைச் செல்வம்மாளுக்குத் துணையாக உள்ளே விட்டு, அவரும் வெளியே வந்துவிட்டார். சேலைத் தடுப்பு குரலை மறைக்காது.

"அன்புள்ள கணவர் அவர்களுக்கு. நலம்." நின்றுவிட்டது. பிறகு, "வேம்பக்கா, அருவாமணை ஆடுது."

"அடியில ஒரு கல்லை வையி."

"எங்க வூட்டுதும் இப்புடித்தான் ஆடும். நான் வந்து ஆப்பு வச்சுத் தரேன், ஆப்பு வச்சுத் தரேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? வச்சீங்களா? பெட்டிக்குக் கயிறு கட்ட மட்டும் நேரம் இருந்துச்சு. இன்னும் ஆடிக்கிட்டுத்தான் கிடக்கு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வாங்கிக் குடுத்த செருப்புல ஒண்ண நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. இன்னொண்ண வச்சிருக்கேன். வந்து நாயைக் கேளுங்க. உங்க அம்மா தெனம் சாயங்காலம் அந்தச் சுவத்துக்குள்ள போயி நிக்குது. இங்க கட்டில், இங்க பீரோன்னு சொல்லுது. எடம் பத்துமான்னு பாக்கணுமாம், என்னை அங்க நிக்க வச்சு, நீ பீரோ மாதிரி நில்லுங்குது. நானும் பீரோவா நிக்கிறேன். ஒரு நாளாவது ஆளா நிக்கலாம்னா ஒரு ஆளு இல்ல..."

ராசாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் தடுப்புக்கு வெளியேயும் வீசியது. கேசட் ஒரு பக்கம் முடிந்து, வேம்பு திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. இரண்டாம் பக்கமும் ஓடிற்று. தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்த யோசனை வேறில்லை என்று அவர் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை கேசட் தம்மாமுக்குப் போயிற்று.

அடுத்த வாரங்களில் பேச்சறைக்குக் கூட்டம் சேர்ந்தது. ராத்தாமார்களும் அக்காமார்களும் அவரவர் வெங்காயத்தை அவரவரே கொண்டுவந்தார்கள். வேம்பு தன் அண்ணன் வீட்டு வடகத்தையும் முடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஆண்டாயி வீட்டுக்குத் தந்தி வந்தது.

அந்தப் பக்கத்து ஊர்களில் தந்தி வந்தால் முதலில் அழுதுவிட்டுத்தான் படிக்கக் கொடுப்பார்கள். தந்திக்காரரைக் கண்டதும் ஆண்டாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. தந்தியைப் படித்த வாத்தியார் குழம்பிப்போனார். 'யார் இறந்தது? தந்தி கொடு. புறப்படுகிறேன். வீரமுத்து' என்று இருந்தது. கூட்டத்தில் ஒருவர் ஆண்டாயியிடம், "ஏ ஆத்தா, நீ இருக்கியே?" என்றார். "நான் இருக்கேன்டா," என்று ஆண்டாயி அழுகையை நிறுத்தினாள். செல்வம்மாளைத் தேடினார்கள், அவளும் இருந்தாள். வீடுவீடாக விசாரித்ததில், அந்த மாதம் ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று தெரிந்தது.

பாதி ஊரோடு ஆண்டாயி ராசாங்கத்தின் கடைக்கு வந்து இறங்கினாள்.

"டேய் ரேடியோக்காரா! என் மவனுக்கு என்னத்தடா அனுப்புன?"

"பேச்சுதாம்மா அனுப்புனேன். நீங்கதான் வெளியில உக்காந்திருந்தீங்களே."

"எல்லாரும் செத்துப்போயிட்டோம்னு நெனச்சுக்கிட்டு வர்றான்!"

ராசாங்கம் செல்வம்மாளைப் பார்த்தார். "பேசும்போது அழுதியாம்மா?"

"நான் எங்கண்ணே அழுதேன்? வெங்காயம்ல அரிஞ்சேன்."

கூச்சல் கேட்டு வந்திருந்த சுலைமான் பாய்க்குத்தான் முதலில் விளங்கிற்று. "ராசாங்கம், மச்சான்கிட்ட அழுகையைக் குடுத்து வுட்டிருக்க. வெங்காயத்தக் குடுத்து வுடலையே?"

கேசட்டில் குரல் ஏறும், வாசனை ஏறாது. ரேடியோத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் ராசாங்கத்துக்கு அது அன்றைக்குத்தான் புத்தியில் பட்டது. பேசாவிட்டால் வீரமுத்து வருவான் என்று பேச வைத்தார். பேசியதைக் கேட்டும் அவன் வருகிறான்.

"வூடு மேல் மூடலடா," என்றாள் ஆண்டாயி. இந்தத் தடவை கத்தவில்லை. கத்தாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் நேரே தபால் ஆபீசுக்குப் போனார். கூட்டமும் பின்னால் போயிற்று. "எல்லாரும் சுகம், வர வேண்டாம்னு ஒரு தந்தி அடிங்க சார்," என்று ஒருவர் யோசனை சொன்னார்.

ராசாங்கம் தடுத்தார். "நம்ப மாட்டான். அம்மா சீரியஸ்னு தந்தி வந்தா அம்மா செத்துப்போச்சுன்னுதானே நாம எடுத்துக்கிறோம்? அம்மா சுகம்னு வந்தா, சீரியஸா இருக்காங்கன்னு எடுத்துக்குவான். வர வேணாம்னு சொன்னா அடுத்த பிளேன்ல ஏறிடுவான்."

இதில் நியாயம் இருப்பதாகத் தபால் ஆபீஸ் சாரே ஒப்புக்கொண்டார். "அப்ப என்னதான் எழுதறது?"

"வெங்காயம்னு எழுதுங்க."

"என்னது?"

"பொய் சொல்றவன் எவனாவது வெங்காயம்னு சொல்லுவானா சார்? உடம்பு சரியில்ல, மழை, சண்டைன்னு நம்புற மாதிரி ஏதாவது சொல்லுவான். வெங்காயம்னா அது உண்மையாத்தான் இருக்கணும்."

தபால் ஆபீஸ் சார் பேனாவை மூடி வைத்தார். "இது ஏதோ கள்ளக்கடத்தல் சங்கேதம்னு நினைச்சு என்னையும் சேத்து உள்ள தள்ளிட்டா?"

சுலைமான் பாய் தன் பொறுப்பு என்று சொன்ன பிறகு பேனாவைத் திறந்தார். 'நோபடி டெட். ஆனியன் ஒன்லி. டூ நாட் கம்.' தந்தி போயிற்று.

அதன் பிறகு ஆண்டாயி தினமும் காலையில் வந்து ராசாங்கத்தின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். திருச்சியிலிருந்து வருகிற பஸ் அங்கேதான் நிற்கும். பெட்டியோடு இறங்குகிற ஒவ்வொருவனையும் முகம் தெரிகிறவரை பார்ப்பாள். மகன் இல்லை என்றால் ராசாங்கத்தைத் திரும்பிப் பார்ப்பாள். ரிப்பேருக்கு வந்தவர்கள் அந்தப் பார்வையைக் கண்டு வேறு கடைக்குப் போனார்கள். பேச்சறைக்கு யாரும் வரவில்லை. வேம்பு மட்டும் ஆண்டாயிக்கு டீ கொண்டுவந்து கொடுப்பாள்.

ஒரு மத்தியானம், ஆண்டாயி எதிர்ப் பக்கம் போயிருந்தபோது, வேம்பு கணவரிடம் வந்து நின்றாள். "ஒண்ணு சொல்லணும். கேட்டா உங்களுக்கு யோசனை வந்துடும். அடுப்பு மேல ஒண்ணும் இல்லையே?"

"அது என் கடையில ஏது?"

"அன்னைக்குக் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்ல, அப்பவே வெங்காயம் தீந்துபோச்சு. அந்தப் பொண்ணு சும்மா உக்காந்துதான் பேசிக்கிட்டிருந்துச்சு."

"ரெண்டாவது பக்கம் முழுசுமா?"

"முழுசும்தான்."

ராசாங்கம் கையிலிருந்த சால்டரிங் அயனை வைத்துவிட்டு யோசித்தார். வெங்காயம் மட்டும்தான் என்று அரசாங்கத் தந்தியில் அடித்தாகிவிட்டது. பாதிதான் உண்மை. எந்தப் பாதியை வீரமுத்து நம்பியிருப்பான் என்று தெரியவில்லை. இதற்கு ஒரு யோசனையும் வரவில்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வேம்புவிடம் சொன்னார். "நான் உங்ககிட்டயே இப்பத்தானே சொல்றேன்," என்றாள் வேம்பு.

ஒரு நாள் திருச்சி பஸ்ஸிலிருந்து ரெக்சின் பெட்டியோடு ஒருவர் இறங்கினார். ஆண்டாயி எழுந்து ஓடி, அவர் முகத்தைப் பார்த்து, நின்றுவிட்டாள். அந்த ஆள் கடையைப் பார்த்துத்தான் வந்தார்.

"ராசாங்கம் கடை இதானே? வீரமுத்து ரூம்லதான் நானும் இருக்கேன். கேசட் குடுத்து வுட்டிருக்கான்."

"அவன் வரலையா?" என்றாள் ஆண்டாயி.

"டிக்கெட் வரைக்கும் போயிட்டான்மா. அதுக்குள்ள தந்தி வந்துச்சு. மலையாளி கிளார்க்தான் படிச்சுச் சொன்னாரு. வெங்காயம்னதும் ரூமே சிரிச்சுது. இவன் மட்டும் சிரிக்கல. நாளெல்லாம் அந்தக் கேசட்டத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டான். அப்பறம் வேலைக்குப் போயிட்டான்."

செல்வம்மாளுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பேச்சறைக்குள் அவள், ஆண்டாயி, வேம்பு. ராசாங்கம் பட்டனை அமுக்கிவிட்டு வழக்கம்போல் வெளியே வந்தார்.

"செல்வம், தந்தி வந்துச்சு. அம்மா நல்லாருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். வூட்டுக்கு மேல் மூடாம நான் வரமாட்டேன்னு சொல்லிடு. பீரோவ நானே வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் அந்த எடம் சும்மா கிடக்கட்டும், நீ அங்க போயி நிக்காத." ஒரு மூக்குறிஞ்சல். "ஆப்பு வைக்காம வந்தது தப்புதான். செருப்பு என்ன அளவுன்னு சொல்லு." குரல் கரகரத்தது. இன்னொரு மூக்குறிஞ்சல், நீளமாக. "நீ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத. நான் அழலை. இன்னைக்கு ரூம்ல என்னோட சமையல் மொறை. வெங்காயம் உரிச்சுக்கிட்டேதான் பேசுறேன்."

"அங்கல்லாம் பெரிய வெங்காயம்தானே?" என்றாள் ஆண்டாயி. "அது இவ்வளவு எரியாதே."

வீரமுத்துவின் பேச்சு முடிந்து கேசட் காற்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டாயி தானாகவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "எவனும் ரேடியோவைத் தூக்கிட்டுப் போயிடாம பாத்துக்கிறேன், நீ உன் வேலையப் பாரு," என்று ராசாங்கத்திடம் சொன்னாள்.

ராசாங்கம் புதுக் கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு தடுப்பருகே போனார். உள்ளே செல்வம்மாள் வேம்புவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெங்காயம் இருக்கா?"

"ஏதும்மா? வடகமெல்லாம் போட்டு முடிச்சாச்சே."

"பரவாயில்ல. அருவாமணையை மட்டும் குடுங்க."

வேம்பு அரிவாள்மணையை எடுத்து வைத்தாள். அது ஆடியது. ராசாங்கம் கேசட்டைப் போட்டுச் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு வெளியே போய், ஒரு கல்லைத் தேடி எடுத்து, தடுப்புக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டார்.